ஒன்றரை மணி நேரம் கிளம்பாத மோரிஸ்

"வண்டிய ஸ்டார்ட் பண்ணுங்க."

இதை மட்டும் கேட்டுவிடாதே என்று, பழைய வண்டிகளுக்கு மதிப்புப் போடும் ஆபீஸின் முதலாளி ராமதாஸ் காலையில் மூன்று தடவை சொல்லி அனுப்பியிருந்தார். காதில் செருகியிருந்த சிவப்புப் பென்சிலை உருவி, துண்டுத்தாளில் விலாசம் எழுதிக் கொடுத்தபோது ஒரு தடவை. ஜெபராணி செருப்பு மாட்டும்போது ஒரு தடவை. படியிறங்கிய பிறகு மாடியிலிருந்து எட்டிப் பார்த்து இன்னொரு தடவை. "சுத்தி வந்து பாரு, போட்டோ எடு, ஒரு வெலயப் போட்டுட்டு வந்துரு. இன்ஜின் பக்கமே போவாத. நான் அந்த வீட்டு வாசல மிதிச்சதில்ல. ஆனாலும் துக்க வீடு, பெரிய மனுசங்க, பேஜார் வேணாம்."

அவள் வந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை. கேட்டுவிட்டாள்.

வீட்டுக்காரர் பாலுவின் காபி டம்ளர் வாய்க்குப் போகிற வழியில் நின்றுவிட்டது.

"டம்ளருக்கே ஸ்டார்ட்டிங் டிரபிளு" என்று முணுமுணுத்தான் சதீஷ். நாற்பது வயது மெக்கானிக். ஒரு லோடு ஆட்டோவும் ஓயாத வாயும் அவன் சொத்து. ஜெபராணி எந்த வண்டிக்கு விலை போடப் போனாலும் ஸ்பேனர் பையோடு கூடவே வருவான்.

பாலு டம்ளரைக் கீழே வைத்தார். ஐம்பதைத் தொடுகிற வயது, கழுத்தில் கனத்த சங்கிலி, ஊருக்கு வெளியே இருபது பவர்லூம். "அது ஓடாதும்மா. எங்க பெரியப்பா செத்து நாலு மாசம் ஆவுது. அதுக்கு முன்னாடியே ஒரு வருசமா ஓடல. ராமதாஸ் சொல்லலியா?"

"சொன்னாரு. நான் பார்க்கணும்."

"நீ யாரு வூட்டுப் பொண்ணு?"

எங்கே போனாலும் இந்தக் கேள்வி வந்துவிடும். இன்ஜினியரிங் படித்து, கல்லூரியில் தங்கப் பதக்கம் வாங்கி வந்தாலும் இந்தக் கேள்விக்குப் பதில் சொன்ன பிறகுதான் உட்கார நாற்காலி உண்டா இல்லையா என்பது தெரியும்.

"தேவநேசன் பொண்ணு. கூலிக்கு நெய்யறவரு."

"அட, நம்ம தேவநேசன்! முன்ன எங்க கடைக்கு நெஞ்சவன்தான். பொண்ண படிக்க வெச்சிட்டானா? பலே."

வயதில் தன்னைவிடப் பத்து வருடம் மூத்தவரை 'அவன்' என்கிறார். ஜெபராணி பல்லைக் கடித்துக்கொண்டாள். நாற்காலி வரவில்லை.

அவள் விலை போட மட்டும் வரவில்லை. செத்துப்போன சிவப்பிரகாசத்தின் தங்கை மகள் கீதா, கல்லூரியில் இவள் பக்கத்து பெஞ்சு. மூன்று நாள் முன்பு வந்து அழாமல் ஒரு விஷயம் சொன்னாள். சிவப்பிரகாசத்துக்குப் பிள்ளை இல்லை. அவருக்குப் பிள்ளை என்றால் 1951-ம் வருட மோரிஸ் மைனர்தான். உயில் தம்பி மகன் பாலு பேரில் இருந்தது. அதை மாற்றி, வண்டியைப் போற்றிக் காப்பவள் கீதாதான் என்று அவள் பேருக்கு எழுதிவிட நாள் குறித்திருந்தார். அதற்கு முந்தின நாள் காலை ஆறரை மணிக்கு அவருக்கு நெஞ்சுவலி வந்தது. ஆம்புலன்ஸுக்குப் போன் போனது எட்டு மணிக்கு. இடையில் ஒன்றரை மணி நேரம் என்ன செய்தீர்கள் என்று போலீஸ் கேட்டதற்கு பாலு கொடுத்த பதில் ஒரே வரி: 'காரை ஸ்டார்ட் பண்ணிப் பார்த்துகினே இருந்தோம், கிளம்பவே இல்ல.'

கீதா மனு கொடுத்தபோது இன்ஸ்பெக்டர் சொன்னாராம்: "வண்டி ஓடும்னு நேர்ல பார்த்தவங்க கையெழுத்தோட ஒரு பேப்பர் கொண்டாம்மா. கேஸத் திறக்குறேன். இல்லன்னா என்னை விட்டுடு."

அந்தப் பேப்பருக்கு இன்று ஒரு நாள்தான் கெடு. நாளைக்குச் சென்னையிலிருந்து வாங்குகிற பார்ட்டி லாரியோடு வருகிறது.

"வாங்க, பார்த்துட்டே போங்க" என்று பாலு எழுந்தார். கூடத்தில் சிவப்பிரகாசத்தின் படம் சந்தன மாலையோடு தொங்கியது. கீழே தோற்றம், மறைவு, வைகாசி மாதம், அமாவாசை திதி என்று பொன்னெழுத்தில் அச்சடித்திருந்தார்கள். வருஷத் திதி கொடுக்க மறந்துவிடக் கூடாதே என்ற அக்கறை. ஒன்றரை மணி நேரம் படுக்கையில் விட்டுவிட்டு அப்புறம் என்ன அக்கறை?

பக்கவாட்டில் ஷெட். தெருவைப் பார்த்து இரும்பு ஷட்டர். ஷெட்டுக்கு நேர் மேலே கிழவரின் அறை. சன்னல் இன்னும் திறந்தே கிடந்தது.

பாலு ஷட்டரைத் தூக்கினார். சதீஷ் விசிலடிக்கப் போனவன், உதட்டை மடித்துக்கொண்டான்.

பச்சை நிற மோரிஸ், சின்ன ஆமை மாதிரி உட்கார்ந்திருந்தது. பெயின்ட் எழுபது வருடத்துக்கு முந்தியது. அங்கங்கே வெளுத்து, கதவோரம் கீறி. கண்ணாடி நாலும் கம்பெனி கண்ணாடி. தறியில் மிஞ்சும் பட்டு நூலைப் பந்தாகச் சுருட்டித்தான் கிழவர் பம்பரைத் துடைப்பாராம். அதில் முகம் தெரிந்தது.

"புதுசா பெயின்ட் அடிச்சிட்டா இன்னும் ரெண்டு லட்சம் ஏத்திப் போடலாம்ல?" என்றார் பாலு.

"அடிச்சா ரெண்டு லட்சம் குறையும். இந்தக் கீறலுக்குத்தான் சார் காசு. இது அந்தக் காலத்துக் கீறல்." ஜெபராணி பானெட்டைத் தூக்கினாள். "இதுக்கு முன்னாடி யாராவது வந்து மதிப்புப் போட்டாங்களா?"

"யாரும் வர்ல."

அவள் சேசிஸ் நம்பர் தகட்டின் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தாள். தாளில் நம்பர் அப்படியே ஏறும், ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப் பார்க்க எல்லா மதிப்பீட்டாளரும் செய்கிற வேலைதான். தாளை எடுத்த பிறகு தகட்டை உற்றுப் பார்த்தாள். எழுத்துப் பள்ளங்களில் சிவப்பாக ஏதோ. துரு என்று நினைத்து நகத்தால் சுரண்டினாள். நகத்தில் ஒட்டியதை மோந்து பார்த்தாள்.

ஆயில் குச்சியை உருவித் துடைத்துப் பார்த்தாள். தேன் நிறம்.

"ஒரு வருசமா ஓடாத வண்டில ஆயில் இப்படியா சார் இருக்கும்?"

"அவருதான் மாத்திகினே இருப்பாரு. கிறுக்கு."

"பேட்டரி எங்க?"

"கழட்டிப் போட்டாச்சு. அதான் சொல்றேன்ல, ஓடாது. எழுதிக்க: இன்ஜின் டெட். வாங்குறவங்களுக்கே தெரியும், அவங்க லாரில ஏத்திகினு போறாங்க." பாலு வாட்ச்சைப் பார்த்தார். "ஜல்தி முடிம்மா."

ஜெபராணி சதீஷைத் திரும்பிப் பார்த்தாள். அவன் ஏற்கெனவே தன் லோடு ஆட்டோவின் சீட்டைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"டேய், என்னாடா பண்ற?"

"ரத்த தானம் சார்" என்றான் சதீஷ், பேட்டரியை இடுப்பில் சுமந்துகொண்டு வந்து. "ஆட்டோவும் பன்னெண்டு வோல்ட், இதுவும் பன்னெண்டு வோல்ட். ஒரே குரூப்பு." ஒயர் மாட்டப் போனவனை ஜெபராணி கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"மாத்தி மாட்டுங்கண்ணா. இந்த வண்டில பிளஸ்தான் பாடிக்கு."

"தெரியும் இன்ஜினியரம்மா. நீங்க முழிச்சிகினு இருக்கீங்களான்னு பார்த்தேன்."

சாவி டேஷ்போர்டிலேயே இருந்தது. திருப்பினாள். பானெட்டுக்குள் டிக், டிக், டிக் என்று பெட்ரோல் பம்ப் அடித்து, நிறைந்ததும் நின்றது. செத்த வண்டிக்கு நாடி துடித்த மாதிரி இருந்தது. பாலு ஒரு எட்டு முன்னால் வந்தார்.

"வேணாம்மா. துக்க வீடு."

"நாலு மாசம் முடிஞ்சிருச்சு சார். லாரி வர்றதுக்கு மட்டும் துக்கம் இல்லியா?"

ஸ்டார்ட்டரைச் சுழற்ற ஆட்டோ பேட்டரிக்குப் பலம் போதாது. சீட்டுக்குப் பின்னால் எண்ணெய்த் துணியில் சுற்றிய இரும்புக் கைப்பிடி இருந்தது. சதீஷ் அதை முன்பக்க ஓட்டையில் செருகி, காலை அகட்டி நின்று ஒரு சுற்று சுற்றினான். ஒரு இருமல். இரண்டாவது சுற்று. மோரிஸ் தொண்டையைச் செருமிக்கொண்டு கிளம்பியது. ஷெட் முழுக்கப் புகை. மேலே சன்னல் கதவு அதிர்ந்து கடகடத்தது.

ஜெபராணி போனில் வீடியோ எடுத்தாள். கைப்பிடி செருகியதிலிருந்து கிளம்பியது வரை பதினொரு வினாடி.

"ஒன்றரை மணி நேரம்" என்றாள், இன்ஜினை நிறுத்திவிட்டு. "அன்னிக்கு ஒன்றரை மணி நேரம் கிளம்பலன்னு எழுதிக் குடுத்திருக்கீங்க."

பாலுவின் முகம் இப்போது வேறாக இருந்தது. பதறவில்லை. கணக்குப் போட்டார். போனை எடுத்து யாருக்கோ ரெண்டு வார்த்தை டைப் செய்தார். அப்புறம் ஒரு பெரிய மூச்சு விட்டு, பழைய டயர் மேல் உட்கார்ந்தார்.

"சரி. கீதா அனுப்பிச்சாளா? ஒழியுது, கேட்டுக்க. அன்னிக்கும் ஓடுச்சு. பெரியப்பாவ இதுல ஏத்தி ஆஸ்பத்திரி கொண்டு போலாம்னுதான் கிளப்பினேன். எப்படிப் போறது? தெரு முழுக்க பாவு. இந்தக் கோடில இருந்து அந்தக் கோடி வரைக்கும் நூல இழுத்துக் கட்டிகினு, குச்சி நட்டு, கஞ்சி போட்டுகினு இருந்தானுங்க. எட்டு பேரு. அத்தன பேரு பட்டு நூலு மேல வண்டிய ஏத்தச் சொல்றியா? எட்டு மணிக்குத்தான் சுருட்டினானுங்க. அப்பறம்தான் ஆம்புலன்ஸு. இத போலீஸ்ல சொன்னா அந்த நெசவுக்காரங்க மேல பழி வரும். அதான் வண்டி ஓடலன்னு சொன்னேன். ஊருக்கு நல்லது பண்ணப் போனா எனக்கு இந்தப் பேரு."

சதீஷ் தலையைச் சொறிந்தான்.

"நெஜந்தான் இன்ஜினியரம்மா" என்றான் மெதுவாக. "காலைல இந்தத் தெருவுல பாவு போட்டா சைக்கிள்கூடப் போவாது. நானே எத்தினி நாளு ரிவர்ஸ் எடுத்திருக்கேன்."

ஜெபராணிக்கும் தெரியும். பாவு என்றால் தறியில் ஏற்றுகிற நீளவாட்டு நூல். ஒரு பாவு அறுந்தால் ஒரு குடும்பத்தின் மாதம் அறுந்தது. அதன் மேல் யாரும் வண்டி ஏற்ற மாட்டார்கள். அவள் அப்பாவே அப்படி எத்தனையோ விடியற்காலைகளில் தெருவில் நின்று, கஞ்சி தோய்ந்த நூலைத் தட்டித் தட்டிப் பிரித்திருக்கிறார். சின்ன வயதில் அவள் எதிர்முனையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். பாலு சொல்வது நம்பும்படி இருந்தது. அதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை. இந்த வீட்டில் எதுவும் இவ்வளவு சுலபமாக நம்பும்படி இருக்கக் கூடாது.

"சார், ஒரு சந்தேகம்" என்றாள். "உங்க பவர்லூமு அமாவாசைக்கு ஓடுமா?"

"ஆர்டர் இருந்தா தீபாவளிக்கும் ஓடும். வடக்கத்திப் பசங்க, அவனுங்களுக்கு என்னா அமாவாச? ஏன் கேக்குற?"

"இந்தத் தெரு ஓடாது."

பாலு புரியாமல் பார்த்தார்.

"கைத்தறிக்கு மாசத்துல ஒரு நாளுதான் சார் லீவு. அமாவாச. நாங்க சர்ச்சுக்குப் போறவங்க, எங்களுக்கு அமாவாசயே கெடையாது. ஆனா அன்னிக்கு எங்க வூட்டுத் தறியும் நிக்கும். பாவு இழுக்க எட்டு பேரு கை வேணும், தெருவுல ஒருத்தரும் கை வெக்க மாட்டாங்க. எங்கப்பா தறிக்குழிலருந்து காலத் தூக்கி மேல வெச்சி உக்கார்ற ஒரே நாளு அது. எனக்கு மறக்குமா?" குரல் உயர்ந்துகொண்டே போனது, அவள் அடக்கவில்லை. "உங்க பெரியப்பா செத்தது அமாவாச. நான் சொல்லல, உங்க கூடத்துல பொன்னெழுத்துல நீங்களே போட்டு மாலையும் மாட்டி வெச்சிருக்கீங்க. அன்னிக்கு இந்தத் தெருவுல ஒரு நூல்கூடக் கெடையாது சார். லாரியே போயிருக்கும்."

சதீஷ் கையிலிருந்த ஸ்பேனரைப் பையில் போட்டான். "ரெண்டு தலமொறையா தறில உக்காரலன்னா இதான் பிரச்சன" என்றான். சிரிக்கவில்லை.

பாலு மேலே சன்னல் பக்கம் ஒரு தரம் பார்த்தார். பிறகு சொன்னார்:

"நான் ஒருத்தன்தான்னு நெனச்சிகினு இருக்கியா?"

"இல்ல" என்றாள் ஜெபராணி. நகத்தில் இன்னும் ஒட்டியிருந்த சிவப்புத் தூளைக் காட்டினாள். "நம்பர் தகட்டுல இருந்துச்சு. தேய்க்கும்போது தாள் கிழிஞ்சு தூள் பள்ளத்துல எறங்கியிருக்கு. எல்லாரும் கறுப்புப் பென்சில்ல தேய்ப்பாங்க. ஆரணில சிவப்புல தேய்க்கிறது ஒருத்தர்தான். எங்க ராமதாஸ் சார். எப்ப வந்தாரு?"

"நம்ம ராமதாஸ் சாரா?" என்றான் சதீஷ்.

"அன்னிக்குத்தான்" என்றார் பாலு. "காலைல ஆறு மணிக்கு. மறுநா அந்தப் பொண்ணு பேருக்கு மாத்தறதுக்குள்ள சென்னை பார்ட்டிக்கு ஒரு சர்ட்டிபிகேட் காட்டி அட்வான்ஸ் வாங்கிட்டா கைமாத்தி விட்ரலாம்னு. பெரியப்பா ஒரு வாரமா படுக்கைல. எறங்கி வர மாட்டாரு. இன்ஜின ஓட விட்டு சத்தம் பார்த்துகினு இருந்தோம். மேலருந்து கத்தினாரு."

"என்னன்னு?"

"பாலுன்னு. ரெண்டு வாட்டி. வண்டிய யாராவது தொட்டா அப்படித்தான் கத்துவாரு. அதுக்குத்தான் கத்துறாருன்னு நெனச்சோம்." கழுத்துச் சங்கிலியைத் திருகினார். "அப்பறம் கத்தல. ராமதாஸ்தான் போயி பார்த்துட்டு வாய்யான்னாரு. போனேன். வேர்த்துக் கொட்டிகினு இருந்துச்சு. கைய நீட்டினாரு. கீழ வந்து சொன்னேன். வண்டி ஓடிகினுதான் இருந்துச்சு."

"ஓடிகினு இருந்த வண்டி."

"ராமதாஸு வாட்ச்சப் பார்த்தாரு. 'நாளைக்குப் பொழச்சி எழுந்தா கையெழுத்துப் போட்ருவாரு'ன்னாரு. அவ்ளோதான். வேற ஒரு வார்த்த பேசல. இன்ஜின ஆஃப் பண்ணிட்டு ரெண்டு பேரும் இங்கியே உக்காந்திருந்தோம். இந்த டயரு மேலதான்."

அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஜெபராணி மதிப்பீட்டுப் படிவத்தை பானெட் மேல் வைத்து எழுதிக்கொண்டிருந்தாள்.

வெளியே பைக் நின்ற சத்தம். ராமதாஸ் உள்ளே வந்தார். மூச்சிரைக்க, காதில் பென்சிலோடு. பாலுவின் முகத்தைப் பார்த்தார், பேட்டரியைப் பார்த்தார், தரையில் கிடந்த கைப்பிடியைப் பார்த்தார். ஒன்றும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

"மூணு தடவ சொன்னேன் உன்கிட்ட."

"எண்ணினேன் சார்."

"சரி, போவட்டும்." குரலைத் தணித்துக்கொண்டார். "அந்த பார்ம்ல என்ன எழுதியிருந்தாலும் செல்லாது. உனக்கு இன்னும் வெல போடற லைசென்ஸ் வரல. நான் கையெழுத்துப் போட்டாத்தான் அது சர்ட்டிபிகேட்டு, இல்லன்னா வெறும் காயிதம். இன்ஜின் டெட்னு புதுசா ஒண்ணு எழுது. வர்ற மாசம் உன் லைசென்ஸ் பேப்பர்ல நானே கையெழுத்துப் போடறேன். தனி ஆபீஸ் வெச்சிக்க. ஒங்கப்பன நெனச்சிப் பாரு. மறுபடியும் அந்தாள தறிக்குழிலயே வெக்கப் போறியா?"

"உங்கள மாதிரி ஆளுங்க சொன்னதக் கேட்டுக் கேட்டுத்தான் சார் அவரு இன்னமும் அதுல உக்காந்திருக்காரு."

"அது செல்லாதுன்னு சொல்றேன்ல!"

ஜெபராணி படிவத்தைத் திருப்பிக் காட்டினாள். முன்பக்கம் காலி. விலை போட வேண்டிய கட்டமும் காலி. பின்பக்கம் முழுக்க அவள் கையெழுத்து. மேலே 'அனுப்புநர்' என்று அவள் பெயர், அப்பா பெயர், தெரு. கீழே சாட்சி என்று ஒரு கோடு.

"இது சர்ட்டிபிகேட்டு இல்ல சார். புகார். இதுக்கு லைசென்ஸ் வேணாம்."

ராமதாஸ் தாளுக்குக் கை நீட்டினார். சதீஷ் நடுவில் வந்து நின்று, தன் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து, தாளை வாங்கிக் கோட்டின் மேல் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

"அண்ணா, நீங்க இங்கியே இருங்க" என்றாள் ஜெபராணி. "போலீஸ் வந்து இன்ஜின் சத்தத்தக் காதால கேக்கற வரைக்கும் பேட்டரிய யாரும் தொடக் கூடாது. தொட்டா போன் பண்ணுங்க."

"போன்லாம் பண்ண மாட்டேன். ஸ்பேனர் இருக்குது."

"வேலைய விட்டுட்டுப் போறேன்னு நெனச்சிகினு போ!" ராமதாஸ் கத்தினார். "இந்த ஜில்லாவுல ஒருத்தன் உனக்கு வேல குடுக்க மாட்டான்!"

அவள் நிற்கவில்லை. தாளை நாலாக மடித்து உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டு ஷட்டருக்கு வெளியே இறங்கினாள். இடது பக்கம் திரும்பினால் பஸ் ஸ்டாண்டு, ஆபீஸ், வீடு. வலது பக்கம் திரும்பினாள். ஸ்டேஷனுக்கு நடந்தால் பதினைந்து நிமிடம். அவள் நடந்த வேகத்துக்குப் பத்தே போதும்.